"வீட்டைப் பாத்துக்கோடா"ன்னு சொல்லிட்டுப் போன அண்ணன் இப்ப கணக்கு கேக்கறார்: ஒரு வாசகருக்கு வக்கீலோட பதில்

தஞ்சாவூர் ஜில்லாவுலேர்ந்து ஒரு வாசகர் எட்டு பக்கம் கைப்பட எழுதி, அத போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். வயசு 46, செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கார், மனைவி, ரெண்டு பொண்ணுங்க. அவரோட அண்ணன் 2014 ஜூன்ல குடும்பத்தோட அமெரிக்கா போயிட்டார், டல்லாஸ்ல சாப்ட்வேர் வேலை. போறப்ப ஏர்போர்ட்லேர்ந்து ஒரு வாட்ஸப் மெசேஜ்: "ஹோல்ட் த ஃபோர்ட் டா தம்பி." நான் இல்லாதப்ப எல்லாத்தையும் பாத்துக்கோன்னு அர்த்தம். அவ்வளவுதான், வேற பேப்பர் கெடையாது. அன்னிலேர்ந்து அண்ணன் பேர்ல இருக்கற வீட்ட இவர்தான் பாத்துக்கறார். கீழ் வீட்ல இவர் குடும்பம், மாடில ரெண்டு போர்ஷன் வாடகைக்கு. வாடகை வாங்கறது, வீட்டு வரி, இபி, மோட்டார் ரிப்பேர், பெயிண்ட், எல்லாம் இவர்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப தென்னை ரெண்டு காம்பவுண்டு சுவர் மேல சாஞ்சு, மாடி ஷீட் பறந்து, அண்ணன போன்ல பிடிக்க முடியாம, மனைவியோட செயின அடகு வச்சு 1,85,000 ரூபாய் செலவு பண்ணியிருக்கார். அந்த செயின் மூழ்கிப்போச்சுன்னு ஒரே வரில எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார்.

இன்னொரு சொத்து அம்மா பேர்ல, பைபாஸ் பக்கத்துல ஒரு மனை. அம்மா 2019-ல இவருக்கு ஜெனரல் பவர், அதாவது தனக்குப் பதிலா எல்லாம் செய்யறதுக்கான அதிகாரப் பத்திரம், ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தாங்க. அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டார். போன வருஷம் ஆவணில அம்மாவும் காலமாயிட்டாங்க. கார்த்திகைல ஒரு புரோக்கர் ஆள் கூட்டிட்டு வந்து, "உங்ககிட்டதான் பவர் இருக்கே"ன்னு பேசி, ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்து, அம்மாவோட பவர் ஏஜெண்ட்னு போட்டு அக்ரிமெண்ட்ல கையெழுத்தும் வாங்கியாச்சு.

இதுக்கு நடுவுல பொங்கலுக்கு அண்ணி போன் பண்ணி, "இத்தன வருஷ வாடகைக்கும் ஒரு எக்செல் போட்டு அனுப்பிடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அண்ணன் வீட்ட விக்கணும்னு ஒரு பவர் டைப் பண்ணி, கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி ஈமெயில்ல அனுப்பியிருக்கார். வாசகர் கேக்கறது நாலு விஷயம். அந்த வாட்ஸப் மெசேஜ் சட்டப்படி செல்லுமா, 12 வருஷம் ஆனா வீடு எனக்கே சொந்தம்னு புரோக்கர் சொல்றானே நெஜமா, அம்மா பவர வச்சு மனைய விக்கலாமா, தம்பிகிட்ட கணக்கு கேக்கற உரிமை அண்ணனுக்கு இருக்கா. கடைசில, "பரதன் மாதிரி இருந்தேன் மேடம், என்னப் போய் கணக்கப்பிள்ளை ஆக்கிட்டாங்க"ன்னு முடிச்சிருக்கார்.

தம்பி, எனக்கு அறுபது தாண்டிருச்சு, அதனால தம்பின்னே கூப்பிடறேன். அண்ணி கேட்டது உங்களுக்கு எவ்வளவு சுருக்குன்னு பட்டிருக்கும்னு புரியுது. ஆனா பரதனச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் ஒரு வித்தியாசம். பரதனுக்கு 14 வருஷம்னு ஒரு கெடு இருந்துச்சு, இது என் ராஜ்ஜியம் இல்லன்னு ஊருக்கே தெரியற மாதிரி சிம்மாசனத்துல பாதுகை இருந்துச்சு. உங்ககிட்ட கெடுவும் இல்ல, பாதுகையும் இல்ல, ஒரு ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கு.

அந்த இங்கிலீஷ் சொலவடைக்கே ஒரு கதை இருக்கு, கேளுங்க. 1864 அக்டோபர் 5, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாகாணத்துல அல்லடூனா கணவாய்ங்கற இடத்துல வடக்குப் படையோட உணவுக் கிடங்கு இருந்துச்சு, அதுக்கு காவலா ஜெனரல் கோர்ஸ் தலைமைல ரெண்டாயிரம் பேர் அளவுல இருந்தாங்க. தெற்குப் படை வந்து வளைச்சிடுச்சு. பெரிய தளபதி ஷெர்மன் ரொம்ப தூரத்துல கென்னசா மலைல இருக்கார். எதிரிங்க தலைக்கு மேல, மலைக்கு மலை கொடிய ஆட்டி ஆட்டித்தான் செய்தி போச்சு. பதிவுல இருக்கற செய்தி "தாக்குப் பிடிங்க, வந்துட்டிருக்கோம்"ங்கற மாதிரிதான், அதுல கோட்டைங்கற வார்த்தையே கெடையாது. 1870-ல ஒருத்தர் கிறிஸ்தவப் பாட்டா எழுதறப்ப அது "கோட்டையக் காத்திருங்க, நான் வர்றேன்"னு ஆகி, அதுவே உலகம் பூரா நின்னுடுச்சு. இதுல இன்னொண்ணு, வர்றோம்னு சொன்ன படை சண்டை முடியற வரைக்கும் வந்து சேரவே இல்ல, உள்ள இருந்தவங்களேதான் அடிச்சு வெரட்டினாங்க.

எதுக்குச் சொல்றேன்னா, சொன்னது ஒண்ணு, ஞாபகத்துல நிக்கறது ஒண்ணு, நடந்தது வேறொண்ணு. அண்ணன் தம்பி கேஸ்ல முக்கால்வாசி இதுதான். முப்பது வருஷமா சிவில் கோர்ட்ல பாக்கறேன், "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ங்கற வார்த்தைய குறுக்கு விசாரணைல எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

மெசேஜுக்கு மதிப்பு உண்டு, ஆனா பாத்துக்கறதுக்கு மட்டும்

மெசேஜ் வேஸ்ட்னு நெனச்சுடாதீங்க. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல ஏஜென்சிக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. ஒருத்தர் இன்னொருத்தருக்காக வேலை பாக்கறதுக்கு பத்திரம் எழுதித்தான் ஆகணும்னு அதுல இல்ல, வாய் வார்த்தையா சொல்லலாம், நடந்துக்கற விதத்துலேர்ந்தும் புரிஞ்சுக்கலாம். சம்பளம் பேசணும்னும் அவசியம் இல்ல. அண்ணன் பாத்துக்கோன்னார், நீங்க பாத்தீங்க, வாடகை வாங்கறீங்கன்னு அவருக்குத் தெரியும், ஒரு நாளும் மறுப்பு சொல்லல. அதனால வாடகை வாங்கறது, ரிப்பேர் பாக்கறது, வரி கட்டறது வரைக்கும் நீங்க அவரோட ஏஜெண்ட்தான். கஜா செலவ அவரக் கேக்காம பண்ணிட்டோமேன்னு தயங்கியிருந்தீங்க, தயங்கவே வேணாம். அதே சட்டத்துல 189-வது பிரிவு, அவசர நேரத்துல ஏஜெண்ட் தன் சொந்த சொத்துன்னா என்ன பண்ணுவாரோ அத பண்ணலாம்னு சொல்லுது. சுவர் விழுந்து கெடக்கறப்ப டல்லாஸ்ல விடியட்டும்னு யாரும் காத்துக்கிட்டு இருக்க முடியாது.

ஆனா விக்கறது வேற. வீட்ட விக்க, அடமானம் வைக்க, அந்த மெசேஜ் பத்து பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. அப்பறம் வாடகை அக்ரிமெண்ட்ல அண்ணன் கையெழுத்த நீங்களே போட்டேன்னு எழுதியிருக்கீங்க, அத இன்னியோட நிறுத்துங்க. நல்ல எண்ணத்துல போட்டீங்க, ஏமாத்தற நோக்கம் இல்லாம அது ஃபோர்ஜரி ஆகாதுன்னு நான் வாதாடலாம்தான், ஆனா அந்த வாதம் ஸ்டேஷன்ல உக்காந்து பண்ற மாதிரி ஆயிடக் கூடாது. உங்க பேர எழுதி, உங்க கையெழுத்தப் போட்டு, "இன்னாருக்காக"ன்னு எழுதுங்க, அதுக்கு ஒரு பவர் வாங்கிக்குங்க. அண்ணன் கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போன வெத்து செக் பத்து இருக்குன்னீங்களே, மிச்சம் எத்தன இருக்குன்னு நம்பரோட எழுதி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிட்டு அவர் கண்ணு முன்னாடி வீடியோ கால்ல கிழிச்சுப் போடுங்க. வெளிநாட்ல குடியேறினவங்க இங்க இருக்கற சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தணும், அண்ணன் மாத்தினாரான்னும் கேளுங்க.

12 வருஷ கதை

இத நீங்க கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டிருக்கீங்க, "ஆசைல கேக்கல, தெரிஞ்சுக்கத்தான்"னு அடைப்புக்குறி வேற. கேட்டதுல தப்பே இல்ல, டீக்கடைல ஆரம்பிச்சு பத்திர ஆபீஸ் வாசல் வரைக்கும் எல்லாரும் சொல்ற கதைதான் இது. ஆனா அது அப்படி இல்ல தம்பி.

வழக்கு போட காலக்கெடு சொல்ற 1963 லிமிடேஷன் சட்டத்துல அந்த 12 வருஷம் இருக்கறது உண்மை. ஆனா அது எப்பலேர்ந்து ஓட ஆரம்பிக்கும்னா, நீங்க சொந்தக்காரருக்கு எதிரா, "இது என்னோடது"ன்னு அவருக்கும் ஊருக்கும் தெரியற மாதிரி அனுபவிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான். அண்ணன் சொல்லி, அவருக்காக, அவர் வீட்ல இருக்கீங்க. இப்படி அனுமதில இருக்கறது 12 இல்ல, 40 வருஷம் ஆனாலும் அனுமதிதான். 2012-ல சுப்ரீம் கோர்ட் கோவா கேஸ் ஒண்ணுல இத பளிச்சுனு சொல்லிடுச்சு, மரியா மார்கரிடா கேஸ்னு நாங்க சொல்லுவோம். அதுவும் உங்க கதைதான், சகோதரியோட வீட்டப் பாத்துக்க இருந்த சகோதரன் காலி பண்ண மாட்டேன்னார். கேர்டேக்கரோ வாட்ச்மேனோ வேலைக்காரரோ எத்தன வருஷம் இருந்தாலும் சொத்துல உரிமை வராதுன்னு தீர்ப்பு. அதே வருஷம் நம்ம திருவண்ணாமலை சத்திரம் ஒண்ணோட கேஸ்லயும் அதேதான், வாட்ச்மேனா வந்தவரோட மகன் உரிமை கொண்டாடினார், தோத்தார்.

இபி பில், வீட்டு வரி ரசீது எல்லாம் என் கையால கட்டினதுதானேன்னு கேப்பீங்க. கட்டினதுக்கு அது சாட்சி, சொந்தம்ங்கறதுக்கு சாட்சி இல்ல. அத பத்திரமா வச்சிருங்க, ஆனா வேற காரணத்துக்காக, கீழ சொல்றேன். அந்த புரோக்கர் பேச்ச நம்பி அண்ணன்கிட்ட "12 வருஷம் ஆகப் போகுது"ன்னு ஒரு வார்த்த விட்டீங்கன்னா, இவ்வளவு வருஷம் நல்லபடியா பாத்த பேர் ஒரே நாள்ல போயிடும், சட்டத்துலயும் ஒண்ணும் கெடைக்காது.

அம்மா பவர், இதுதான் எனக்கு பயமா இருக்கற எடம்

கடிதத்துல வீட்டப் பத்தி ஆறு பக்கம், மனையப் பத்தி அரை பக்கம். எனக்கு என்னவோ தலைகீழாத்தான் தெரியுது.

பவர் குடுத்தவங்க எறந்த நிமிஷத்துலயே பவரும் முடிஞ்சுது. ஒப்பந்தச் சட்டம் 201. ரிஜிஸ்டர் பவர், ஜெனரல் பவர், "ரத்து செய்ய இயலாத" பவர்னு தலைப்புல போட்ட பவர், எதுவா இருந்தாலும் சரி, ஏஜெண்டுக்கு அந்த சொத்துலயே ஒரு பாத்தியதை இருந்தா மட்டும்தான் விதிவிலக்கு, அதாவது பணம் குடுத்து அதுக்கு ஈடா எழுதி வாங்கின பவர் மாதிரி. அம்மா உங்களுக்கு எழுதினது அலைச்சலுக்குப் பயந்து எழுதினது, அந்த வகை இல்ல. அதனால கார்த்திகைல நீங்க போட்ட கையெழுத்துக்கு பின்னாடி பவரே கெடையாது. அம்மா போயிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ங்கறதுனால, தெரியாம பண்ணிட்டேன்னும் சொல்ல முடியாது.

புரோக்கர் அடுத்து ரெண்டு யோசனை சொல்லியிருக்கான்னு போகிற போக்குல எழுதியிருக்கீங்க. ஒண்ணு, அக்ரிமெண்ட் தேதிய ஆவணி மாசத்துக்கு முன்னாடி தள்ளிப் போடறது. ரெண்டு, பத்திரம் பதியறப்ப பவர் குடுத்தவங்க உயிரோட இருக்காங்கன்னு சர்டிபிகேட் கேப்பாங்க இல்லியா, அத "நான் ஏற்பாடு பண்ணிக்கறேன்"ங்கறது. தம்பி, உங்க கையால கொள்ளி வச்ச அம்மா உயிரோட இருக்காங்கன்னு சர்டிபிகேட் வச்சு பத்திரம் போடப் போறீங்களா? இது மோசடி, பொய் ஆவணம், ஜெயில் விஷயம். மாட்டறது நீங்கதான், புரோக்கர் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது. அந்த ஆள்கிட்ட இனிமே பேச்சே வேணாம்.

சரி, மனை இப்ப யாரோடது? அம்மா உயில் எதுவும் எழுதலன்னா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைங்க எல்லாருக்கும் சம பங்கு. நீங்க "எனக்கும் அண்ணனுக்கும்"னு எழுதியிருக்கீங்க. ஆனா அஞ்சாம் பக்கத்துல, அம்மா கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்ப "மதுரை அக்கா வந்து இருபது நாள் கூடவே இருந்தா"ன்னு ஒரு வரி வருது. அக்கா மொத்த கடிதத்துலயும் அந்த ஒரு வரிலதான் இருக்காங்க. அக்காவுக்கும் மூணுல ஒரு பங்கு உண்டு, கல்யாணத்துக்கு எவ்வளவு நகை போட்டீங்க, சீர் செஞ்சீங்கங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட் வாங்குங்க, மூணு பேர் பேரும் வரும். மனைய விக்கணும்னா மூணு பேரும் கையெழுத்துப் போடணும், இல்ல மத்த ரெண்டு பேரும் உங்களுக்கு புதுசா பவர் குடுக்கணும்.

அப்ப அம்மா போனதும் உங்க வேலையும் முடிஞ்சுதான்னா, அதுவும் இல்ல. எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்பப் பிடிச்ச பிரிவு 209. பவர் குடுத்தவர் செத்துட்டா, அவர் நம்பி ஒப்படைச்சத அவரோட வாரிசுங்களுக்காக பத்திரமா பாதுகாக்க ஏஜெண்ட் நியாயமா செய்ய வேண்டியதெல்லாம் செய்யணும்னு அது சொல்லுது. விக்கற அதிகாரம் போச்சு, காவல் மட்டும் மிச்சம். மனைல கல்லு நட்டிருக்கா, பக்கத்துக்காரன் வேலி தள்ளிப் போடறானான்னு பாக்கற வேலை இன்னும் உங்களோடதுதான்.

கணக்கு கேக்கறது அவமானமா?

ஒப்பந்தச் சட்டம் 213: கேட்டா ஏஜெண்ட் சரியான கணக்கு குடுத்தே ஆகணும். தம்பின்னு விலக்கு ஒண்ணும் இல்ல. இத்தன வருஷம் கேக்கல, பழசெல்லாம் காலாவதி ஆயிருக்கும்னும் நெனைக்காதீங்க. ஏஜெண்ட் வாங்கின பணத்துக்கு வழக்கு போட மூணு வருஷம் டைம், அது எப்ப ஆரம்பிக்கும்னா கணக்கு கேட்டு நீங்க மறுக்கறப்ப, இல்ல ஏஜென்சி முடியறப்ப. கோவத்துல "குடுக்க முடியாது போ"ன்னு மெசேஜ் போட்டா கடிகாரத்த நீங்களே முடுக்கி விட்ட மாதிரி.

ஆனா கணக்குன்னா வாங்கினது மட்டும் இல்லையே. நீங்க செலவு பண்ணினத கழிச்சுக்கற உரிமையும் அதே சட்டம்தான் குடுக்குது. எனக்கு உங்க கடிதத்த படிக்கறப்ப அண்ணன விட உங்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகமா தேவைப்படுதுன்னு பட்டுது. கஜாவோட 1,85,000, மோட்டார் ரெண்டு தடவ, மாடி ஒழுகலுக்கு கூலிங் டைல்ஸ், இதெல்லாம் வாய்ல சொன்னா "அப்படியா"ம்பாங்க, வரிசையா எழுதினா பேசாம படிப்பாங்க.

எழுதி வைக்கலையேன்னு கவலப்படறீங்க. ஒரு ஞாயித்துக்கிழம உக்காருங்க. உங்க பேங்க் பாஸ்புக்ல குடித்தனக்காரங்க போட்ட வாடகை இருக்கும். அஞ்சாறு வருஷமா ஜிபேலதானே வாங்கறீங்க, அந்த ஹிஸ்டரி எடுங்க. இபி கட்டினது கனெக்‌ஷன் நம்பர் போட்டா ஆன்லைன்ல பாக்கலாம், வீட்டு வரி நகராட்சில கேட்டா பழைய ரசீது விவரம் கெடைக்கும். பில்லு எல்லாம் உங்க மனைவி ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்களே, அந்த டப்பாதான் இப்ப உங்க வக்கீல், நான் இல்ல. அடகுக் கடை சீட்டு இருந்தா அதையும் வைங்க. பில் இல்லாத செலவ பில் இல்லன்னே எழுதி ஒரு உத்தேசத் தொகை போடுங்க.

உத்தேசம் போடறப்ப ஒண்ணு. அந்த ஜெனரல் கோர்ஸ் சொன்னேன் இல்லியா, சண்டைக்கு மறுநாள் "கன்னத்து எலும்பும் ஒரு காதும் போச்சு"ன்னு தளபதிக்கு செய்தி அனுப்பினாராம். அப்பறம் ஷெர்மன் நேர்ல பாத்தா காது இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துச்சு, கன்னத்துல ஒரு கீறல். உழைச்சவங்களுக்கு வர்ற ஆசைதான் இது, கொஞ்சம் கூட்டிச் சொல்றது. ஒரு எடத்துல கூட்டிப் போட்டு மாட்டினா, மீதி எல்லா வரியும் பொய்யாயிடும்.

இப்ப கஷ்டமான விஷயம். பெரிய பொண்ணு காலேஜ் பீஸுக்கு ஏழெட்டு மாச வாடகைய எடுத்துக்கிட்டேன், அண்ணன் கேட்டா திருப்பிடுவேன்னு நெனச்சேன்னு எழுதியிருக்கீங்க. இத எழுதினதுக்கே உங்கள மதிக்கறேன். ஆனா சட்டம் இத லேசா எடுத்துக்காது. நம்பி ஒப்படைச்ச பணத்த சொந்தச் செலவுக்கு எடுத்தா, சிவில் பாக்கியோட நிக்காம நம்பிக்கை மோசடின்னு கிரிமினல் புகார் வரைக்கும் போகலாம். அத மறைச்சு, "ரிப்பேர்"னு எழுதித்தான் நெறைய பேர் சிக்கறாங்க. நீங்க கணக்குலயே தனி வரியா, "பாப்பா காலேஜ் பீஸுக்கு நான் எடுத்தது, இவ்வளவு, இந்தந்த மாசம்"னு போட்டுடுங்க. கழிச்சது போக அவர் குடுக்கணுமா நீங்க குடுக்கணுமான்னு அப்பறம் பாக்கலாம். கஜா செலவையும் சேத்துப் போட்டா ரொம்ப வித்தியாசம் வராதுன்னு எனக்குத் தோணுது.

பாத்துக்கிட்டதுக்கு கூலி கேக்கலாமான்னா, பேசி வைக்காத சம்பளத்த இந்த மாதிரி குடும்ப விஷயத்துல கோர்ட் மூலமா வாங்கறது ரொம்பக் கஷ்டம். போதாததுக்கு கீழ் வீட்ல வாடகை இல்லாம இருந்திருக்கீங்க, அத முதல் கேள்வியா கேப்பாங்க. அத நீங்களே முதல்ல சொல்லிடுங்க, "இருந்தேன், அதுக்கு பதிலா பாத்துக்கிட்டேன்"னு. நேர் பேச்சுல இது நிக்கும்.

அண்ணன் அனுப்பின ஸ்கேன் பவர்

பிரிண்ட் எடுத்து வச்சுக்கலாம், விக்க முடியாது. அவர் ஹூஸ்டன்ல இருக்கற இந்தியத் துணைத் தூதரகம் மூலமா அட்டஸ்ட் பண்ணணும், இல்லன்னா அங்க நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்லயும் செல்ற மாதிரி அந்த ஊர் அரசாங்கம் குடுக்கற சான்று, வாங்கணும். ஒரிஜினல கூரியர்ல அனுப்பணும். அது இந்தியாவுக்கு வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஸ்டாம்ப் டூட்டி கட்டி முத்திரை வாங்கணும். கூரியர் கவர தூக்கிப் போட்டுடாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

நான் உங்க எடத்துல இருந்தா ஜெனரல் பவர் வாங்க மாட்டேன். இந்த ஒரு வீடு, குறைஞ்சது இவ்வளவு விலை, பணத்த வீடு வாங்கறவர் அண்ணன் அக்கவுண்ட்ல நேரா போடணும், ஒரு வருஷத்தோட முடியும், இப்படி ஸ்பெஷல் பவர் போதும். பணம் உங்க கை வழியா போகவே வேணாம். வாங்கறவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, விக்கறவர் என்ஆர்ஐங்கறதுனால வரி பிடித்தம் வேற மாதிரி, வழக்கமா பிடிக்கற 1 சதவீதம் இல்ல, ஆடிட்டர பாக்கச் சொல்லுங்க. வாடகையும் அப்படியே. மாடி வீட்டுக்காரங்க வெளிநாட்ல இருக்கற ஓனருக்கு வாடகை குடுக்கறப்ப 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிச்சுக் கட்டணும்னு சட்டம், நம்ம ஊர்ல யாரும் செய்யறதில்லங்கறது வேற விஷயம்.

இதெல்லாம் வேணாம், எனக்குப் போதும்னு தோணினா விட்டு விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான அவகாசம் குடுத்து எழுத்துல சொல்லணும், அவ்வளவுதான். வேற வீடு பாத்துக்க உங்களுக்கும் ஒரு நாலஞ்சு மாசம் கேளுங்க.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறது

வக்கீல் நோட்டீஸ் விடவான்னு கேட்டிருக்கீங்க. வேணாம். நோட்டீஸ் போனா டல்லாஸ்லேர்ந்து பதில் நோட்டீஸ் வரும், அதுல அண்ணன் எழுதாத வார்த்தையெல்லாம் அவரோட வக்கீல் எழுதியிருப்பார், அப்பறம் அடுத்த பொங்கலுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க. கணக்க முடிச்சு அண்ணன், அண்ணி, அக்கா மூணு பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்பிட்டு வீடியோ கால்ல உக்காருங்க. பேச்சு ஒத்து வரலன்னா ஜில்லா கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு குடுங்க, கேஸ் போடறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுப் பேசி வைப்பாங்க, லோக் அதாலத்துங்கற மக்கள் நீதிமன்றத்துக்கு கட்டணம் கெடையாது, அங்க முடிஞ்சா கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, இந்த வாரமே அக்காவுக்கு போன் போடுங்க. மனைக்கு அட்வான்ஸ் வாங்கினத அவங்க வேற யார் மூலமாவது கேக்கறதுக்குள்ள உங்க வாயால கேக்கட்டும். அந்த ரெண்டு லட்சத்த வாங்க வந்தவருக்கே திருப்பிடுங்க, கைல குடுக்காதீங்க, அக்கவுண்ட்ல போடுங்க. "முழுத் தொகை திரும்பப் பெற்றேன், ஒப்பந்தம் ரத்து"ன்னு எழுதி ரெண்டு சாட்சியோட கையெழுத்து வாங்குங்க. அக்ரிமெண்டோட ஒரிஜினல் புரோக்கர்கிட்ட இருக்கா வாங்கறவர்கிட்ட இருக்கான்னு நீங்க எழுதல. யார்கிட்ட இருந்தாலும் அது உங்க கைக்கு வந்தப்பறம் பணத்த அனுப்புங்க.